கொழும்பில் 303 தேடி

2025 மார்ச் 10, திங்கள் – வெள்ளவத்தை

"துவக்குச் சத்தத்துக்கு ஓடின குடும்பம் நாங்கள். நீ அங்கை போய்க் காசு குடுத்துத் துவக்கு வாங்கி வைச்சிருக்கிறியாம். உண்மையோ?"

இடியப்பத் தட்டை மேசையில் வைத்தபடி பெரியம்மா கேட்டா. யாரோ உறவுக்காரர் முகநூலில் என் படத்தைக் காட்டிவிட்டார்கள். ஓம் என்றேன். சொதியை ஊற்றிவிட்டு எனக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. பதில் சொல்லாமல் எழும்ப முடியாது என்று விளங்கியது.

நான் ரொறன்ரோவில் லேத் பட்டறையில் வேலை செய்கிறவன். அந்த நகரத்தின் மேற்கு முனையில், ட்ராம் பாதை முடியும் இடத்துக்கு லோங் பிராஞ்ச் என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் அதற்கு அடுத்தாற்போல் இருந்த அரசாங்க ஆலையில் ஏறக்குறைய ஒன்பது லட்சம் லீ-என்ஃபீல்ட் ரைபிள்கள் செய்தார்கள். குழல் அளவை வைத்து 303 என்று சொல்கிறது இதைத்தான். செய்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். என்னிடம் இருப்பது 1943இல் அங்கே செய்தது. போல்ட்டின் பிடியடியில் பொறித்த எண்ணும் துவக்கின் உடலில் பொறித்த எண்ணும் ஒன்றேதான். இத்தனை வருசம் யார் யாரோ கைக்குப் போய் வந்தும் அந்த இரண்டு துண்டும் பிரியவில்லை. இரும்பு வேலை தெரிந்தவனுக்கு அதைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது.

போர் முடிந்ததும் அரசாங்கங்கள் இப்படியானவற்றை மிச்சச் சாமானாக மலிவாக விற்றன. வாங்கிய மான் வேட்டைக்காரர்கள் பாரம் குறைக்க முன்மரத்தை அறுத்து எறிந்தார்கள். அறுபடாமல் தப்பியவை கொஞ்சம். ஒரு காலத்தில் சில நூறு டொலருக்குக் கிடைத்தது, நல்ல நிலையில் இருந்தால் இன்று ஆயிரத்தைத் தாண்டுகிறது. முறையான அனுமதிப் பத்திரம், பூட்டிய பெட்டி, சுடுவதற்கென்று ஒதுக்கிய மைதானம் எல்லாம் அங்கே இருக்கிறது என்றும் சொன்னேன். இதே லீ-என்ஃபீல்ட்டைத்தான் வெள்ளைக்காரன் சிலோனிலும் பொலிசுக்கும் படைக்கும் பள்ளிக்கூடக் கடேற்காரருக்கும் (மாணவர் படை) கொடுத்தான். அதன் இந்தப் பக்கத்துக் கதையைத் தேடித்தான் இந்த முறை வந்திருக்கிறேன்.

"தெரியும். பொலிஸ்காரன்ரை தோளிலை தொங்கினது. நீட்டுத் துவக்கு," என்றா பெரியம்மா. பிறகு, "இன்னும் ரெண்டு இடியப்பம் போடட்டோ?"

சாப்பிட்டு முடிய ஒரு எச்சரிக்கையும் வந்தது. ஓட்டோவிலோ கடையிலோ துவக்குக் கதை கதைக்காதே. போன மாதம் 19ஆம் திகதி புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே ஒருவரைச் சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். சட்டப் புத்தகத்தைக் குடைந்து அதற்குள் துவக்கை மறைத்துக் கொண்டுபோனார்களாம். ஊர் முழுக்க அதே பேச்சு. கேட்டுக்கொண்டேன், ஆனால் இந்தப் பயணத்தில் அதைக் கடைப்பிடிப்பது இயலாத காரியம்.

பின்னேரம் காலி வீதியில் நடந்தேன். வெய்யில் இறங்கியும் தார் சுட்டது. ஒரு சைவக் கடையில் உளுந்து வடையும் பால் தேத்தண்ணியும் 220 ரூபாய். பக்கத்து மேசைக்காரர் நான் கேட்காமலே சம்பல் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

மார்ச் 11, செவ்வாய் – தேசிய நூதனசாலை

வெள்ளை மாளிகை, முன்னால் பெரிய ஆலமரம், அதற்கும் முன்னால் கிரெகரி ஆளுநரின் சிலை. 1877இல் திறந்த கட்டடம். உள்ளே மின்விசிறி இருக்கும் இடமாகப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள்.

நான் நேரே போனது லெவ்கே திசாவை என்ற கண்டிப் பிரதானியின் பீரங்கியிடம். ஒரு மீற்றர் அளவு நீளம்தான். வெண்கலக் குழலில் தங்கம், வெள்ளி, சிவப்புக் கல். 1740களில் கண்டி மன்னனுக்குப் பரிசாகக் கொடுத்தது. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடிக் கொண்டுபோய், கடைசியில் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார்கள். 2023 முடிவில் திரும்பி வந்தது. அதையும் சேர்த்து வந்த ஆறு பொருட்களில் இரண்டு பெருந்துவக்குகளும் உண்டு. கோட்டைச் சுவரில் ஊன்றி வைத்துச் சுடுவதற்கானவை. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் தங்கப் பீரங்கியோடு நின்று படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். பெருந்துவக்குகளுக்கு முன்னால் நான் மட்டும்தான் நின்றேன்.

கண்டிக்காலத்து வேலையில் எனக்குப் பிடித்த விசயம் ஒன்று. ஐரோப்பியத் துவக்கில் நெருப்புப் பொறி உண்டாக்கும் பூட்டு வலப்பக்கம் இருக்கும். இந்த நாட்டில் செய்தவற்றில் அது இடப்பக்கம். சோங்கின், அதாவது தோளில் வைக்கும் மரப்பிடியின், அடி இரண்டாகப் பிரிந்து வளைந்திருக்கும், மரம் முழுக்கக் கொடிவேலை. போர்த்துக்கேயரிடம் பார்த்துக் கற்ற தொழிலை அப்படியே நகல் எடுக்காமல் தங்கள் கைக்கு ஏற்றபடி மாற்றிய கொல்லர்கள் இவர்கள். குழலின் வாய் ஓரத்தை உற்றுப் பார்த்தேன். அந்த வட்டம் கொஞ்சம் நெளிந்தாலும் சன்னம் திசைமாறும். பழைய துவக்கு வாங்கப் போனால் நான் முதலில் விரல் வைத்துப் பார்ப்பதும் அங்கேதான். இங்கே கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

நான் குனிந்தும் நிமிர்ந்தும் பார்ப்பதைக் கண்ட காவலாளி கிட்ட வந்தார். வயதானவர், சிங்களம். கையால் சுட்டி, "லொக்கு துவக்குவ," என்று சொல்லிவிட்டுத் தன் கைவிளக்கை எடுத்துக் கண்ணாடி மேல் சரித்துப் பிடித்தார். குழலின் அடிப்பக்கத்துச் சித்திரம் அப்போதுதான் தெரிந்தது. எனக்காக அந்த விளக்கைக் கை மாற்றி மாற்றி நெடுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். காசு நீட்டினேன், வாங்கவில்லை.

வெளியே வர மூன்று மணி மழை பிடித்துக்கொண்டது. ஆலமரத்தின் கீழே நின்றவர்கள் எல்லாரும் நனைந்தோம், நானும் என் கைபேசியும் உட்பட. கைபேசியைப் பெரியம்மா அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருக்கிறா.

மார்ச் 12, புதன் – கொம்பனித்தெரு

போகும் வழியில் ஓட்டோக்காரர் என்னிடம் தமிழில் பேசினார். சிங்களவர், ஐம்பது வயது இருக்கும். தமிழ் எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன்.

"கிளிநொச்சி. அதுக்கு முன்னம் வவுனியா."

பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பம்பலப்பிட்டிச் சந்திச் சிவப்பு விளக்கில் அவராகவே இடது காதைக் காட்டி, இது கேட்காது, இந்தப் பக்கம் பேசுங்கள் என்றார். எங்கே போகிறீர்கள், என்ன பார்க்க என்று கேட்டார். பெரியம்மா சொன்னது நினைவில் இருந்தும் உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

303 என்றதும் தலையாட்டினார். பயிற்சிக்குப் போன காலத்தில் அணிவகுப்புக்குத் தூக்கியிருக்கிறாராம், பாரம், ஆனால் நேராகச் சுடும். பிறகு டி-56 என்ற சீனத் துவக்கு. கனடாவில் ஒரு 303 என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். கணக்குப் போட்டு ரூபாயில் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"நான் பதினொரு வருசம் தூக்கின. இப்ப பிள்ளைக்குப் பிளாஸ்டிக் துவக்கும் வாங்க இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. மீற்றர் 480 காட்டியது, 500 கொடுத்தேன், மிச்சம் இருபதைத் தேடி எடுத்துக் கையில் வைத்துவிட்டுத்தான் போனார். துவக்கை வரலாறாக மட்டும் வைத்துப் பார்ப்பது ரொறன்ரோவில் இலகு. அங்கே என்னோடு சுட வருகிறவர்களில் யாருக்கும் அதால் காது போகவில்லை. அந்த மனிதரிடம் நான் சொல்லக்கூடிய பதில் எதுவும் இன்றைக்கு என்னிடம் இல்லை. இதை எழுதும்போதும் இல்லை.

கொம்பனித்தெருவில் ரைபிள் வீதி என்றே ஒரு வீதி இருக்கிறது. பக்கத்தில் மலே வீதி, ஜாவா ஒழுங்கை. ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா பக்கத் தீவுகளிலிருந்து கொண்டுவந்த படைவீரர்களும் நாடுகடத்தப்பட்டவர்களுமே இந்த நாட்டு மலாய்க்காரரின் முன்னோர். வெள்ளைக்காரன் அவர்களை வைத்துப் படை அமைத்தான். அதுதான் பிறகு சிலோன் ரைபிள் ரெஜிமென்ட். 1873இல் கலைத்துவிட்டார்கள். பொலிசுக்கும் தீயணைப்புக்கும் போனவர்கள் பலர். படை போய் நூற்றைம்பது வருசம், பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. நாற்புறமும் கண்ணாடிக் கோபுரங்கள் எழும்பிவிட்டன. பழைய ஓட்டு வீடுகள் ஒன்றிரண்டு அவற்றின் நிழலில்.

நோன்பு மாதம். பகலில் தேத்தண்ணிக் கடைகளுக்குத் திரை போட்டிருந்தார்கள். வேகந்தைப் பள்ளிவாசல் பக்கம் நின்று கட்டடத்தைப் பார்த்தேன். மலாய்க்காரர் ஒருவர் 1786இல் கொடுத்த பள்ளி அது. நோன்பு திறக்கும் நேரம் நெருங்க, வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு வாங்கில் இருத்திக் கஞ்சிக் கோப்பையை நீட்டினார். நான் நோன்பு இல்லை, இந்து என்றேன். "கஞ்சிக்கு அதெல்லாம் தெரியாது மகன், குடிங்க," என்றார். இஞ்சி, வெந்தயம், கொஞ்சம் இறைச்சி. ஒரு பேரீச்சம்பழம், ஒரு சமோசா.

அவருடைய பூட்டனுக்கு அப்பா ரைபிள் படையில் இருந்தவராம். வீட்டில் அதற்கு ஒரு படம் இல்லை, பதக்கம் இல்லை, ஒரு பித்தளைப் பொத்தான்கூட இல்லை. "இந்த வீதிப் பேர்தான் எங்கட சொத்து," என்றார். பிறகு பிட்டும் பாபத்தும் நல்லாக இருக்கும் கடை ஒன்றைக் காட்டி அனுப்பினார். பாபத் என்றால் மாட்டு இரைப்பைக் கறி. நான் மாடு சாப்பிடுவதில்லை. பிட்டும் கோழியும் சாப்பிட்டேன், 750 ரூபாய்.

மார்ச் 13, வியாழன் – போயா (முழுநிலா நாள்)

நண்பன் ஒருவன் மூலம், கொழும்புக்கு வெளியே உள்ள ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தைப் பார்க்க ஒழுங்கு செய்திருந்தேன். அங்கே 303 இருக்காது என்று தெரியும், 0.22 ரைபிளும் காற்றுத் துவக்கும்தான். அதையாவது பார்க்கலாமே என்றுதான். ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய் இறங்கினால் கதவில் பூட்டு. போயா நாளில் வெடிச் சத்தம் கூடாது. திகதி குறித்துத் தந்தவருக்கு அது நினைவில்லை. தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார், கூடவே, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி எடுக்க வேண்டும் என்றும் இப்போதுதான் சொன்னார். முறை அதுவென்றால் அதுதான், துவக்கு விசயத்தில் இறுக்கமாக இருப்பது பிழையில்லை. ஆனால் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

திரும்பி வந்து விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் போனேன். வெள்ளை உடுத்த குடும்பங்கள் தாமரைப் பூக்களோடு கங்காராமை விகாரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. பூங்காவில் முதலாம் உலகப் போர் நினைவுத் தூண் நிற்கிறது. ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வரைந்து, 1923இல் காலிமுகத்திடலில் நாட்டியது. இரண்டாம் போரில், ஜப்பானியக் கப்பல்கள் இதை அடையாளமாக வைத்துப் பீரங்கிக்குக் குறிபார்த்துவிடும் என்று பயந்து கல் கல்லாகக் கழற்றி இங்கே கொண்டுவந்தார்கள்.

அந்தப் பயம் வீண்போகவில்லை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. முதல் நாள் அவர்களின் கப்பல் படையைக் கடலில் கண்டு செய்தி அனுப்பியவர் ஒரு கனடாக்காரர், லெனார்ட் பேர்ச்சல். கொக்கலையிலிருந்து கற்றலினா கடல் விமானத்தில் போனவர், செய்தி அனுப்பியதோடு சுட்டு வீழ்த்தப்பட்டு, போர் முடியும்வரை ஜப்பானியரிடம் கைதியாக இருந்தார். குதிரைப் பந்தயத் திடலைக்கூட விமானத் தளமாக்கியிருந்தார்கள், ஜப்பானியருக்கு அது தெரியாது. இப்போது அங்கே கடைத்தொகுதி. நடந்துபோய் ஐஸ்கிறீம் வாங்கினேன், 650 ரூபாய், பூங்கா வாசலில் இளநீர் 200. இளநீர்க்காரர் வழுக்கையைச் சுரண்டிக் கொடுத்தார், ஐஸ்கிறீம்காரர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

தூணுக்கு முன்னால் நிற்கும்போது எனக்குத் தோட்டத்துரைமார் படைதான் நினைவுக்கு வந்தது. சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர், 1900இல் தொடங்கியது. முழுக்க வெள்ளைத் துரைமார். தேயிலைத் தோட்டத்துக்கு மேலே குன்றுகளில் சுட்டுப் பழகி, 1914இல் எகிப்துக்கும் அங்கிருந்து கலிப்போலிக்கும் போனார்கள். அவர்கள் தூக்கிய ரைபிள்களைச் சேகரிக்கிறவர்கள் முத்திரை, வருசம், படைப்பிரிவு எல்லாம் எழுதி வைப்பார்கள். அதே குன்றுகளில் கொழுந்து கிள்ளிக்கொண்டு அந்த வெடிச் சத்தத்தைக் கேட்ட மலையகத் தமிழரின் பக்கம் எங்கேயும் எழுதியில்லை. அடுத்த வருசமே, 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தில், இராணுவச் சட்டம் போட்டு ஹென்றி பேதிரிஸ் என்ற 26 வயது இளைஞனை வெலிக்கடையில் ஜூலை 7ஆம் திகதி சுட்டார்கள். அவனே கொழும்பு நகரக் காவற்படையில் கப்டன். அந்த அநியாயங்களுக்கு எதிராக, நீர்மூழ்கிகள் திரிந்த கடலைத் தாண்டி இலண்டன் போய் வாதாடியவர் பொன்னம்பலம் இராமநாதன். என் துவக்குப் பெட்டியில் ஒட்டிய குறிப்புத் தாளில் இதுவும் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

மார்ச் 14, வெள்ளி – பஞ்சிகாவத்தை

மருதானைக்கு அங்கால் பஞ்சிகாவத்தை. லொறி உதிரிப்பாகமும் பழைய இரும்பும் குவிந்த வீதி. காலை பத்து மணிக்கே உச்சி கொதித்தது. கிறீஸ் மணம், டீசல் மணம். எனக்கு அது வீட்டு மணம்.

துவக்கோ தோட்டாவோ தேடவில்லை, அனுமதியில்லாமல் அவற்றை இங்கே வாங்குவதும் குற்றம், கொண்டுபோவதும் குற்றம். நான் தேடியது சில்லறைச் சாமான். கன்வஸ் பட்டி, பித்தளைக் கொக்கி, தோட்டாப் பெட்டியின் மரப்பலகை. கடை கடையாக ஏறினேன். பெரும்பாலானவர்கள் என்ன கேட்கிறேன் என்று விளங்காமல் காபரேற்றரை எடுத்துக் காட்டினார்கள்.

ஒரு கடையில் தாடி நரைத்த முதலாளி, நோன்பு வாய் உலர்ந்தபடி, பொறுமையாகக் கேட்டார். பிறகு லாச்சி ஒன்றை இழுத்து முழுக்க மேசையில் கவிழ்த்தார். ஜெற் ஊசிகள், வால்வு மூடிகள், வெள்ளைக்காரன் காலத்துச் சைக்கிள் மணி. அவற்றுக்கு நடுவே ஒரு சிறிய பித்தளைக் குப்பி. மூடியைத் திருகினேன். இறுகியிருந்தது. அவர் தன் சாரத் தலைப்பால் பிடித்து ஒரு திருகு திருகிக் கொடுத்தார். மூடியின் உட்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய கரண்டி நீண்டு வந்தது. அடியில், பச்சைக் களிம்புக்குக் கீழே, பிரித்தானிய அரசின் அம்பு முத்திரை.

லீ-என்ஃபீல்ட் சோங்கின் அடியில் ஒரு பித்தளைக் கதவு உண்டு. அதைத் திறந்தால் ஒரு துளை. அதற்குள் இருக்கும் எண்ணெய்க் குப்பி இது. கூடவே குழலைத் துடைக்கும் கயிறும் இருக்கும். ஒவ்வொரு சிப்பாயின் துவக்கிலும் ஒன்று, ஆகவே உலகத்தில் லட்சக்கணக்கில் உண்டு. கனடாவில் இணையத்தில் சுலபமாக வாங்கலாம். ஆனால் கொழும்பில், ஒரு லாச்சிக்குள், இந்த உப்புக் காற்றில் பச்சை பிடித்துக் கிடந்தது எனக்கு வேறு.

"எவ்வளவு காக்கா?"

"நீங்க சொல்லுங்க தம்பி. எனக்கு இது என்னன்டே தெரியாது. தையல் மெசினுக்கு எண்ணெ விடுறதுன்டு நெனச்சேன்."

என்னவென்று சொன்னேன். தெரியாத ஆளிடம் மலிவாக எடுத்துக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை. வெளிநாட்டில் என்ன விலை போகும் என்பதையும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு 2500 கேட்டார். கொடுத்தேன். துடைக்கிற பழந்துணி ஒன்றில் சுற்றித் தந்து, "நோன்பு நாள்ல உண்மெ பேசினீங்க," என்று மட்டும் சொன்னார்.

பின்னேரம் காலிமுகத்திடல். இறால் வடை இரண்டு 400 ரூபாய், மேலே வெங்காயமும் மிளகாயும். காற்றில் கடதாசி பறந்து, சம்பல் முழுக்க என் சேர்ட்டில்.

மார்ச் 15, சனி – கொட்டாஞ்சேனை

பெரியம்மாவேதான் ஆளைக் கண்டுபிடித்தா. நான்கு நாளாக எல்லாரிடமும் விசாரித்திருக்கிறா என்பது இன்றுதான் தெரியும். சென் லூசியாஸ் பேராலயத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எல்லாருக்கும் மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் பள்ளிக்கூடக் கடேற். வயது 84.

என்னோடு வந்த பெரியம்மா முதலில் பிஸ்கட் பெட்டியைக் கொடுத்தா. மாஸ்டரின் மகள் பிளேன்டீயும் பனங்கட்டியும் கொண்டுவந்தா. நான் விசயத்தைத் தொடங்க முன்னமே மாஸ்டர் கேட்டார்.

"நம்பர் போரோ, பழைய மார்க் த்ரீயோ?"

இரண்டும் லீ-என்ஃபீல்ட் வகைகள். நம்பர் போர், அதாவது நாலாம் நம்பர், என்றேன். கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

பள்ளிக்கூடக் கடேற் இந்த நாட்டில் 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கியது. மாஸ்டரின் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களிலும் நன்றாக வேரூன்றிவிட்டது. வருசாவருசம் தியத்தலாவையில் முகாம். தென்னிலங்கை மலையின் குளிரை முதன்முதல் கண்ட பெடியள். விடிய நாலரைக்கு எழும்பி, பனிப்புல்லில் குப்புறப் படுத்துச் சுடவேண்டும். தோளில் சரியாக இறுக்கிப் பிடிக்காவிட்டால் சோங்கு உதைத்து, கன்றிய இடம் ஊருக்கு ரயிலில் திரும்பும் வரைக்கும் நீலமாக இருக்குமாம்.

"ஐஞ்சு ரவையை ஒரு கிளிப்பிலை எப்பிடிப் போடுறது? சொல்லு பாப்பம்."

எனக்குத் தெரியும், இருந்தும் அவர் காட்டட்டும் என்று பேசாமல் இருந்தேன். சாமித்தட்டிலிருந்து தீப்பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். ஐந்து குச்சிகளை எடுத்து மேசையில் பக்கம் பக்கமாக அடுக்கினார். மருந்துத் தலைதான் தோட்டாவின் விளிம்பு. ஒன்றாவது, மூன்றாவது, ஐந்தாவது குச்சிகளின் தலையைப் பெருவிரலால் கீழே இழுத்தார். இரண்டாவதையும் நாலாவதையும் மேலே தள்ளினார். விரல்கள் நடுங்கின, ஆனால் குச்சி ஒன்றும் பிசகவில்லை. "இப்பிடி அடுக்கினால் கிளிப்பை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒண்டுதான். இருட்டிலையும் போடலாம்." பிறகு பெருவிரலை ஊன்றி, ஐந்தையும் ஒரே அழுத்தில் மேசை விளிம்பால் தள்ளினார். குச்சிகள் பெரியம்மாவின் மடியில் விழுந்தன. 303 தோட்டாவின் அடியில் விளிம்பு வெளியே நீண்டிருக்கும். ஒன்றின் விளிம்பு மற்றதன் பின்னால் மாட்டினால் போல்ட் முன்னால் போகாது. சண்டையில் அது உயிரைக் கொண்டுபோகும். அந்தப் பாடம்தான் இது.

தோட்டாவுக்குள் கோர்டைட் என்ற வெடிமருந்து. ஒரு தோட்டாவை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள், பிடிபட்டு அடியும் வாங்கினார்களாம். "உள்ளை காய்ஞ்ச இடியப்பம் மாதிரி இழை இழையாய்."

அப்போதுதான் குப்பியை எடுத்து அவர் கையில் வைத்தேன். பார்க்காமலே மூடியைத் திருகினார். கரண்டியை மூக்கருகே கொண்டுபோய் மணந்தார். பழைய எண்ணெயின் கசடு இன்னும் ஒட்டியிருந்தது.

"எண்ணெய் பிறகுதான். முதல் கொதிதண்ணி."

இந்த ஒன்றைக் கேட்கவே நான் ரொறன்ரோவிலிருந்து வந்ததாக எடுத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்துத் தோட்டாவின் அடியில் வெடிக்க வைக்கும் மருந்து, சுட்ட பிறகு குழலுக்குள் ஒருவகை உப்பை விட்டுவிடும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், இரும்பு துருப்பிடிக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். மிச்சச் சாமானாக வந்த பழைய தோட்டாக்களைச் சுடுகிற என் கூட்டாளிகளில் பலர், விலை கூடிய இரசாயனப் போத்தல்களை வாங்கி ஊற்றிவிட்டு, அடுத்த மாதம் துருவைக் கண்டு திகைக்கிறார்கள். மாஸ்டரும் கூட்டாளிகளும் முகாம் குசினியில் தேத்தண்ணிக் கேத்தலைத் தூக்கிவந்து, தகரப் புனலை வைத்துக் கொதிதண்ணியைக் குழலுக்குள் ஊற்றினார்கள். சூட்டில் குழல் தானாகவே உலரும். பிறகு கயிற்றில் நாலுக்கு ரெண்டு அங்குலத் துணியை மாட்டி இழுப்பு. துணி வெள்ளையாக வரும்வரை. கடைசியில், இந்தக் கரண்டியால் ஒரு சொட்டு எண்ணெய். "ஒரு கேத்தல் தண்ணி. செலவு ஒண்டுமில்லை," என்றார் மாஸ்டர்.

மகள் உள்ளேயிருந்து வந்து, "அப்பா இவ்வளவு கதைச்சு நான் காணேல்லை," என்றா.

சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோது ஒன்றை மாஸ்டர் ஊரில் பல வருசம் மேசையில் வைத்திருந்தாராம். பென்சில் சீவி வைக்க. 1987இல், இந்திய இராணுவம் வீடு வீடாக வருகிறது என்றதும் மனைவி அதைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டா. கவலையா என்று கேட்டேன்.

"மனிசி செய்தது சரி. அந்தக் கோதுக்காக என்ரை பெடியனைக் கொண்டு போயிருப்பாங்கள்."

அந்த நேரம் பெரியம்மாவைப் பார்த்தேன். தீக்குச்சிகளைப் பொறுக்கித் திரும்பப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தா, மருந்துத் தலையெல்லாம் ஒரே பக்கமாக. பிறகு மாஸ்டரிடம், "இவன் வைச்சிருக்கிறது பிழையோ?" என்று நேராகவே கேட்டுவிட்டா.

"பூட்டி வைச்சிருக்கிறானோ?"

"ஓம் மாஸ்டர்," என்றேன்.

"கொதிதண்ணி ஊத்துறியோ?"

"இனி ஊத்துவன்."

குப்பியை அவரே வைத்திருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். மறுத்துவிட்டார். துவக்கில்லாத வீட்டில் அதற்கு என்ன வேலை, சோங்குக்குள் வை என்றார். அதற்குப் பதிலாக ஒன்று கேட்டார். 100 யார்டில் ஐந்து ரவை, படுத்துச் சுட வேண்டும், மேசையில் ஊன்றிச் சுடக்கூடாது. சுட்ட தாளைத் தபாலில் அனுப்ப வேண்டும். வட்ஸ்அப்பில் படம் வேண்டாமாம், ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்க்க வேணுமாம். இப்போது ஒரு ரவை இரண்டு டொலருக்கு மேல் என்றேன். "அப்ப ஐஞ்சையும் வடிவாய்ச் சுடு," என்றார். முகவரியை மகள் பிஸ்கட் பெட்டியின் மட்டையில் எழுதித் தந்தா.